எட்டு அங்குல டாப்சோனியன்: செட்டிநாட்டு மொட்டை மாடியில் ஆறு மாதம்

பணி ஓய்வுப் பணம் கைக்கு வந்தபோது வீட்டில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். மகன் வங்கியில் போடச் சொன்னான். மருமகள் முகப்புத் தூண்களுக்கு மெருகேற்றிவிடலாம் என்றாள். இரண்டையும் செய்தேன். மீதியில் 58,000 ரூபாய் எடுத்து எட்டு அங்குல டாப்சோனியன், அதாவது தரையில் வைத்துக் கையால் தள்ளித் திருப்பும் கண்ணாடித் தொலைநோக்கி ஒன்றை வாங்கினேன். கார்த்திகையில் வந்தது. இப்போது வைகாசி. மழை, பனி, வெயில் மூன்றையும் பார்த்த பிறகே எழுதுவது என்று இருந்தேன்.

முப்பத்து மூன்று ஆண்டுகள் மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் நடத்தியவள் நான். குழியாடி, குவியத்தூரம், ஃபோட்டான் என்ற ஒளித்துகள், டாப்ளர் விளைவு எல்லாவற்றையும் கரும்பலகையில் வரைந்தே பணியை முடித்துவிட்டேன். அந்தக் குறை எனக்கு நெடுநாள் இருந்தது. சனி வளையத்தையும் வியாழனின் நிலவுகளையும் எந்தத் தொலைநோக்கியும் காட்டும். இதுவும் நன்றாகவே காட்டுகிறது. அதற்கு மேல் அவற்றைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. எனக்கு வேண்டியிருந்தவை இரண்டு புள்ளிகள். ஒன்று 3சி 273 என்ற குவேசார். மற்றொன்று மார்க்கேரியன் 421 என்ற பிளேசார். நடுவில் பெரும் கருந்துளையை வைத்துக்கொண்டு ஒளி வகைகளிலேயே ஆற்றல் மிகுந்த காமா கதிர்களை வீசும் விண்மீன் பேரடைகள் இவை. அந்தக் கதிர் எங்கே, எப்படிப் பிறக்கிறது என்பதுதான் ஓய்வு பெற்ற நாளிலிருந்து என் படிப்பு. படித்ததில் ஒரு துளியையாவது என் கண்ணால் பார்க்க வேண்டும் என்று இந்தக் கருவியை வாங்கினேன். அதை வைத்துத்தான் இதை மதிப்பிடுகிறேன்.

கருவி வந்து சேர்ந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டு அட்டைப் பெட்டிகள் வந்தன. குழாய் பத்துக் கிலோ, அடித்தளம் பதினொரு கிலோ இருக்கும். குழாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. அதன் மேல் பொருத்தும் தேடு தொலைநோக்கியின் பிடி மட்டும் உடைந்திருந்தது. படம் எடுத்து அனுப்பினேன், தொலைபேசியில் பேசினேன், மறுபடியும் படம் அனுப்பினேன். மாற்றுப் பிடி வர மூன்று வாரம் ஆயிற்று. விற்ற நிறுவனத்தார் மரியாதையாகத்தான் பேசினார்கள். ஆனால் ஒவ்வொரு முறையும் வேறொருவரிடம் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. கண்ணாடியை இவ்வளவு கவனமாகப் பொதிந்து அனுப்பத் தெரிந்தவர்கள், ஒரு கைப்பிடி அளவு பொருளை வெறும் காகிதத்தில் சுற்றி அனுப்பியதை என்னால் ஏற்க முடியவில்லை.

இனி கண்ணாடி. குழாயின் அடியில் இருக்கும் 203 மில்லிமீட்டர் குழியாடிதான் இந்தக் கருவியின் உயிர். எங்கள் வீட்டு முகப்பில் என் மாமனாரின் ஐயா காலத்தில் கப்பலில் வந்த பெல்ஜியம் கண்ணாடிகள் இரண்டு இருக்கின்றன. அவற்றுக்குப் பூச்சு முதுகில். முகத்தை எத்தனை முறை துடைத்தாலும் ஒன்றும் ஆகாது; பொங்கலுக்குப் பொங்கல் துடைத்துத்தான் வருகிறோம். தொலைநோக்கிக் கண்ணாடிக்குப் பூச்சு முகத்தில். அலுமினியத்தை மிக மெல்லிய படலமாகப் படியவைத்திருக்கிறார்கள். விரல் பட்டால் ரேகை தங்கிவிடும், துணி பட்டால் கீறிவிடும். உதவிக்கு வந்த பெண் முந்தானையை எடுத்துக்கொண்டு துடைக்கக் கிளம்பியதைக் கடைசி நொடியில் தடுத்தேன். வாங்குகிறவர்கள் வீட்டில் எல்லாரிடமும் இதை முதல் நாளே சொல்லி வையுங்கள். விரிந்த கண்பாவை ஆறு மில்லிமீட்டர் என்று கொண்டால், இந்த ஆடி அதைப்போல ஆயிரம் மடங்குக்கு மேல் ஒளியைத் திரட்டுகிறது. என் கருவியின் ஆடி நன்றாகத் தேய்க்கப்பட்டது. குவியத்துக்கு உள்ளேயும் வெளியேயும் ஒரு விண்மீனை நகர்த்திப் பார்த்தேன். இரு பக்கமும் வளையங்கள் ஒரே சீராகத் தெரிந்தன. இந்த விலைக்கு இப்படியொரு ஆடியை நான் எதிர்பார்க்கவில்லை. இதற்காகவே முழு மனதோடு பாராட்டுகிறேன்.

அடித்தளம் அந்தத் தரத்தில் இல்லை. மரத்தூளை அழுத்திச் செய்த பலகை, ஓரங்களில் மெல்லிய பட்டி. கார்த்திகை ஈரத்தில் ஒரு வாரம் மாடிப்படி முகப்பிலேயே வைத்திருந்தேன். தரையைத் தொட்ட விளிம்பு அப்பம் போல உப்பிவிட்டது. எங்கள் ஊரில் தச்சு வேலை பார்க்கும் பெரியவரைக் கூப்பிட்டேன். சுற்றிச் சுற்றிப் பார்த்தார். “ஆச்சி, இது மரமே இல்லை. இதில் ஆணி நிற்காது” என்றார். அவரிடம் பழைய நிலைக்கதவு ஒன்றின் பர்மாத் தேக்குத் துண்டு கிடந்தது. அதில் வட்டமாக ஒரு அடிப்பலகை அறுத்து, மூன்று கால்கள் வைத்து, பழைய பலகையிலிருந்த வழுக்குத் துண்டுகளை இதில் மாற்றிக் கொடுத்தார். கூலியும் மரமுமாக 3,200 ரூபாய் ஆனது. இப்போது தள்ளினால் தயிரில் கரண்டி போவது போல நகர்கிறது, நிறுத்தினால் அங்கேயே நிற்கிறது. டாப்சோனியன் என்றாலே இப்படித்தான் இருக்க வேண்டும். இந்த அமைப்பைப் பரப்பிய ஜான் டாப்சன், சான் பிரான்சிஸ்கோவில் ராமகிருஷ்ணர் வழி வேதாந்த மடத்தில் இருபத்து மூன்று ஆண்டுகள் துறவியாக இருந்தவர். கப்பல் சன்னல்களின் கண்ணாடியையும் கழித்துப்போட்ட மரத்தையும் அட்டைக் குழாயையும் வைத்துத் தொலைநோக்கி செய்து, நடைபாதையில் வைத்து, போகிறவர் வருகிறவரை எல்லாம் வானம் பார்க்கச் செய்தார். அவர் கருத்தில் இது கையால் செய்யும் பொருள். தேக்குப் பலகை போட்ட பிறகுதான் என் கருவியும் அந்தக் கருத்துக்கு அருகே வந்தது.

செட்டிநாட்டு மாடியில் வைத்துப் பார்க்கிறவர்களுக்கு இன்னொன்று. நம் மாடிகள் சுண்ணாம்புக் காரையும் தட்டோடும் போட்டவை. பகல் முழுக்க வெயிலைக் குடித்துவிட்டு இரவு பத்து மணி வரை கக்கிக்கொண்டே இருக்கும். அந்த அனலில் விண்மீன்கள் தண்ணீருக்கடியில் கிடக்கும் காசுகள் போல அசையும். பங்குனி முழுக்க எனக்கு ஏன் படம் தெளியவில்லை என்று கண்ணாடியைத் திருகித் திருகிப் பார்த்தேன். குற்றம் தரையில் இருந்தது. இப்போது ஆறு மணிக்கே நான்கு குடம் தண்ணீர் தெளித்து, கருவியை வெளியில் வைத்துவிட்டு, ஒன்பது மணிக்கு மேல்தான் உட்காருகிறேன். தெருவிளக்கின் வெள்ளை வெளிச்சம் கைப்பிடிச் சுவருக்கு மேல் வருகிறது. துணி காயும் கயிற்றில் பழைய ஜமக்காளத்தைப் போட்டால் மறைந்துவிடுகிறது. சுவரில் இருக்கும் சுதைப் பொம்மைகள் அடிவானத்தில் பத்துப் பாகையை மறைப்பதற்கு மட்டும் வழியில்லை.

இப்போது 3சி 273.

இந்தப் பொருளுக்கும் நம் தமிழ்நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1962-இல் ரேடியோ அலைகளை வீசும் இந்தப் பொருளை நிலா கடந்து மறைத்தபோது, மறைந்த கணத்தையும் வெளிப்பட்ட கணத்தையும் ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியில் அளந்துதான் இது வானில் எங்கே இருக்கிறது என்று துல்லியமாகக் கண்டார்கள். 1963-இல் மார்ட்டன் ஷ்மிட் என்ற வானியலாளர் அதன் நிறமாலையைப் பார்த்து, ஹைட்ரஜன் கோடுகள் ஏறத்தாழ 16 விழுக்காடு சிவப்புப் பக்கம் நகர்ந்திருக்கின்றன என்று புரிந்துகொண்டார். பேரண்டம் விரிவதால், தொலைவு கூடக் கூட இந்த நகர்வும் கூடும். ஆகவே விண்மீன் போலத் தெரிந்தது பல நூறு கோடி ஒளியாண்டு கணக்கில் எண்ண வேண்டிய தொலைவில் இருந்தது. நிலா மறைப்பு என்ற அதே உத்தியை நம்பித்தான் ரேடியோ வானியலாளர் கோவிந்த் சுவரூப் ஊட்டியில் 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட ரேடியோ தொலைநோக்கியைக் கட்டினார். ஊட்டி இருப்பது வடக்கே ஏறத்தாழ 11 பாகையில். அதே 11 பாகை சரிவுள்ள மலைச்சரிவைத் தேடிப்பிடித்து, கருவியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக இருக்கும்படி 1970-இல் முடித்தார்கள். ஒருமுறை மாணவிகளை அங்கே அழைத்துப் போனபோது ஒருத்தி “இது ஏன் டீச்சர் மலையில் சாய்ந்து கிடக்கிறது?” என்று கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பதில் சொன்ன பிற்பகல் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது.

என் மாடியிலிருந்து அதைத் தேடுவது எப்படி என்று சொல்கிறேன். கன்னி ராசியில் போரிமா, ஜானியா என்ற இரண்டு விண்மீன்கள் வெறும் கண்ணுக்கே தெரியும். அவற்றுக்கு வடக்கே, இரண்டும் சேர்ந்து ஒரு முக்கோணம் ஆகும் இடத்தில் தேட வேண்டும். இதன் பொலிவெண் ஏறத்தாழ 12.9. நல்ல இருட்டில் நம் கண் பார்ப்பது ஆறு வரைதான். எண் கூடக் கூட ஒளி மங்கும். அருகே இதே அளவுள்ள விண்மீன்கள் பல சிதறிக் கிடப்பதால், விளக்கப்படம் இல்லாமல் யாராலும் சொல்ல முடியாது. கருவியோடு வந்த 25 மில்லிமீட்டர் கண்ணருகு வில்லையில் 48 மடங்கு. முழுநிலவைப்போல இரண்டு மடங்கு அகலமுள்ள வானம் தெரிகிறது. இடத்தைப் பிடிக்க அது போதும். பிறகு 10 மில்லிமீட்டர் வில்லைக்கு மாற வேண்டும், 120 மடங்கு. பின்னணி கறுக்கும், புள்ளி எழும்.

இங்கேதான் இந்த அமைப்பின் பெரிய குறை தலைகாட்டியது. நாம் இருப்பது வடக்கே ஏறத்தாழ பத்துப் பாகையில். 3சி 273 இருப்பது வான நடுக்கோட்டுக்கு இரண்டு பாகை வடக்கில். ஆகவே அது நம் தலைக்கு மேல் கிட்டத்தட்ட உச்சிக்கே வருகிறது. மேலைநாட்டில் நாற்பது, ஐம்பது பாகையில் இருந்துகொண்டு எழுதுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை தெரிவதில்லை. டாப்சோனியனை உச்சிக்குத் திருப்பினால் குழாய் செங்குத்தாக நிற்கும். இடம் வலமாகத் தள்ளப் பிடியே இருக்காது, சுற்றிச் சுற்றி வர வேண்டும். தேடு தொலைநோக்கியோ நேர்க்கோட்டில் பார்ப்பது. குனிந்து, கழுத்தை மேலே முறித்துக் கண் வைக்க வேண்டியிருக்கிறது. அறுபது வயதுக் கழுத்துக்கு அது நியாயமில்லை. முதல் இரண்டு இரவும் அப்படியே தோற்றேன். மூன்றாம் இரவு, சித்திரை பிறந்த வாரத்தில், அது உச்சிக்கு வரும் நேரத்துக்கு ஒன்றரை மணி முன்பே, கிழக்கில் ஏறிக்கொண்டிருக்கும்போதே பார்த்தேன். அப்போது உயரம் அறுபத்தைந்து பாகைக்குச் சற்று மேல். தள்ளவும் முடிந்தது, உட்காரவும் முடிந்தது.

கோடை விடுமுறைக்கு வந்திருந்த பேத்தி பக்கத்தில் இருந்தாள். படத்தை நான் சிவப்புத் தாள் ஒட்டிய டார்ச்சில் காட்ட, அவள்தான் கண் வைத்தாள். “அப்பத்தா, நேராகப் பார்த்தால் மறைகிறது. பக்கத்தில் பார்த்தால் இருக்கிறது.” அதுதான் ஓரப் பார்வை. மங்கலான ஒளிக்குக் கூர்மையான உணர்செல்கள் விழித்திரையின் நடுவில் இல்லை, சுற்றிலும்தான் இருக்கின்றன. நான் குனிந்து பார்த்தபோது என் கண்ணுக்கு முதலில் ஒன்றுமில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு, புள்ளிக்கு இடப்பக்கம் இருந்த விண்மீனில் பார்வையை வைத்தேன். அது வந்தது. சாம்பல் நிறத்தில், ஊசி முனையளவு. மூன்று நொடி நின்றது, போனது, திரும்பி வந்தது. ஏறத்தாழ 200 கோடி ஆண்டுகளுக்கு முன் புறப்பட்ட ஒளி எங்கள் மாடியில் வந்து முடிந்தது. நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். பேத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் கேட்காமல் இருந்தாள்.

ஆனால் நான் பார்த்தது காமா கதிர் பிறக்கும் இடத்து ஒளியா? 3சி 273-ஐப் பொறுத்தவரை பெரும்பாலும் இல்லை. கருந்துளையை நோக்கிச் சுழன்றபடி விழும் வாயு, உராய்ந்து சூடேறி ஒரு வட்டாக ஒளிர்கிறது. ஹைட்ரஜன் இணைந்து ஹீலியமாகும்போது நிறையில் 0.7 விழுக்காடுதான் ஆற்றலாகிறது. கருந்துளைக்குள் விழும் பொருள் விழும் வழியிலேயே, துளையின் சுழற்சியைப் பொறுத்து, ஏறத்தாழ 6 முதல் 40 விழுக்காடு வரை ஆற்றலாக விட்டுவிட முடியும். கண்ணுக்கு எட்டும் ஒளியில் பெரும்பகுதி அந்த வட்டினுடையது. காமா கதிர்கள் வருவது வட்டிலிருந்து அன்று. இரு பக்கமும் ஒளியின் வேகத்தை நெருங்கிப் பீறிடும் தாரையிலிருந்து. அதனால்தான் என் இரண்டாவது புள்ளி எனக்கு முதலாவதைவிட முக்கியமாக இருந்தது.

மார்க்கேரியன் 421, பெருங்கரடிக் கூட்டத்தில், நாம் சப்தரிஷி மண்டலம் என்று சொல்லும் வானப் பகுதியில் இருக்கிறது. தொலைவு ஏறத்தாழ 40 கோடி ஒளியாண்டுகள். இதன் தாரை நம் பக்கமே திரும்பியிருக்கிறது. இப்படி நம்மைப் பார்த்து நிற்பவற்றைத்தான் பிளேசார் என்கிறோம். எதிரே வரும் பஸ்ஸின் முகவிளக்கை நேரே நின்று பார்ப்பதற்கும், பஸ்ஸை ஓரத்தில் நின்று பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம். ஒளிவேகத்தை ஒட்டி வரும் பொருள், தன் ஒளியை முன்பக்கம் குறுகிய கூம்பாகக் குவித்து, ஆற்றலையும் கூட்டி, நேரத்தையும் சுருக்கிக் காட்டும். 1992-இல் அமெரிக்காவின் அரிசோனாவில் உள்ள பத்து மீட்டர் விப்பிள் தொலைநோக்கி இதிலிருந்து டெரா எலக்ட்ரான்வோல்ட், அதாவது ஒரு லட்சம் கோடி எலக்ட்ரான்வோல்ட் அளவிலான காமா கதிர்களைக் கண்டது. நம் பால்வீதிக்கு வெளியே அந்த ஆற்றலில் முதன்முதலாகக் கண்ட மூலம் இதுதான். கண் பார்க்கும் ஒரு ஃபோட்டானின் ஆற்றல் இரண்டு எலக்ட்ரான்வோல்ட் என்று வைத்தால், அந்தக் காமா ஃபோட்டான் ஒன்று அதைப்போல 50,000 கோடி மடங்கு.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். தாரைக்குள் காந்தப்புலம் இருக்கிறது. அதில் எலக்ட்ரான்கள் சுருள் சுருளாக ஓடுகின்றன. அப்படி வளைந்து ஓடும்போது ஒளி விடுகின்றன. அது சிங்க்ரோட்ரான் கதிர்வீச்சு. மார்க்கேரியன் 421 போன்றவற்றில் ரேடியோ அலையிலிருந்து கண்காணும் ஒளி வழியாக எக்ஸ் கதிர் வரை வருவது பெரும்பாலும் இதுதான். வட்டின் ஒளி அங்கே அடங்கிப்போய்விடுகிறது. பிறகு அதே எலக்ட்ரான் கூட்டம் அங்கே உலவும் ஃபோட்டான்கள் மேல், தான் பெற்றெடுத்த ஃபோட்டான்கள் மேலேயே, மோதி அவற்றைக் காமா கதிராகத் தூக்கிவிடுகிறது. வகுப்பில் நான் சொல்லும் உதாரணம், திருச்சி சாலையில் வேகமாக வரும் பஸ்ஸின் முன்னால் மெதுவாகத் தூக்கிப் போட்ட ரப்பர் பந்து. பஸ்ஸில் பட்டுத் திரும்பும் பந்து பஸ்ஸைவிட வேகமாக ஓடும். எலக்ட்ரானின் ஆற்றல் அதன் ஓய்வு ஆற்றலைப்போல (சும்மா நிற்கும்போதே அதன் நிறையில் அடங்கியிருக்கும் ஆற்றல்) ஆயிரம் மடங்கு என்றால், அதில் மோதும் மெலிந்த ஃபோட்டானின் ஆற்றல் பத்து லட்சம் மடங்கு என்ற கணக்கில் எகிறும். இதற்கு எதிர் காம்ப்டன் சிதறல் என்று பெயர். அதாவது மார்க்கேரியன் 421-இலிருந்து என் கண்ணுக்கு வரும் சாம்பல் ஒளியும், பூமிக்கு வரும் காமா கதிரும், ஒரே வகை எலக்ட்ரான்களின் வேலை. இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். காமாவை என் கண் பார்க்காது. அதன் உடன்பிறப்பை இந்த எட்டு அங்குலக் கண்ணாடி காட்டும் என்றால், இந்தக் கருவிக்கு நான் கொடுத்த பணம் தகும்.

காட்டியதா? காட்டியது, சிரமப்பட்டு. அதன் பொலிவெண் ஏறக்குறைய 13-ஐ ஒட்டி ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். அது பெரிய தடை இல்லை. உயரமும் சித்திரை இரவில் அறுபத்திரண்டு பாகை வரைதான் என்பதால் கழுத்துக்கும் குழாய்க்கும் சுகம். தடை, அதற்கு இரண்டு கலை தொலைவில், முழுநிலவின் அகலத்தில் பதினைந்தில் ஒரு பங்கு இடைவெளியில், ஆறாம் பொலிவெண் விண்மீன் ஒன்று உட்கார்ந்திருப்பது. அதன் வெளிச்சம் எல்லாவற்றையும் கழுவிவிடுகிறது. 48 மடங்கில் நம்பிக்கையே வரவில்லை. 120 மடங்கில் அந்த விண்மீனைப் பார்வை வட்டத்தின் விளிம்புக்கு அப்பால் தள்ளி, பிளேசார் இருக்க வேண்டிய இடத்தை மட்டும் உள்ளே வைத்தேன். நான்கு இரவு இப்படிச் செய்தேன். நான்காம் இரவு, மணி பத்தை நெருங்கும் நேரம், மூன்று முறை அதே இடத்தில் அதே புள்ளி வந்தது. படத்தில் குறித்து, கையை எடுத்துவிட்டுக் குழாயை வேண்டுமென்றே நகர்த்தி, மறுபடி தேடி, மறுபடி கண்ட பிறகுதான் நோட்டில் எழுதினேன். இதே இடத்தில் ஆறு அங்குலக் கருவி இருந்திருந்தால் எனக்கு இது கிடைத்திருக்காது என்று நினைக்கிறேன்.

கண்ணில் பார்த்துவிட்டதால் கேள்வி தீர்ந்துவிடவில்லை. எலக்ட்ரான்களை இந்த வேகத்துக்கு முடுக்குவது தாரைக்குள் மோதும் அதிர்ச்சி அலைகளா, காந்தக் கோடுகள் அறுந்து சேரும்போது விடும் ஆற்றலா என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். 2006 ஜூலையில் பி.கே.எஸ். 2155-304 என்ற பிளேசாரின் காமா ஒளி சில நிமிடங்களுக்குள் ஏறி இறங்கியதை நமீபியாவின் ஹெஸ் தொலைநோக்கிகள் அளந்தன. ஒரு பொருள் மூன்று நிமிடத்தில் மாறுகிறது என்றால், அது ஒளி மூன்று நிமிடத்தில் கடக்கும் தூரத்தைவிடப் பெரிதாக இருக்க முடியாது, அது 5.4 கோடி கிலோமீட்டர். நூறு கோடி சூரிய நிறையுள்ள கருந்துளையின் ஆரமே 300 கோடி கிலோமீட்டர். துளையைவிடச் சிறிய இடத்திலிருந்து இவ்வளவு ஒளியா? தாரையின் வேகம் நேரத்தைச் சுருக்கிக் காட்டுகிறது என்று சேர்த்துக்கொண்டால்தான் கணக்கு ஓரளவு சரிக்கட்டுகிறது. இந்தக் கணக்கைப் பேத்தி தாளில் தானே போட்டாள். விடை வந்ததும் தப்பாகப் போட்டுவிட்டோம் என்று அழித்துவிட்டு, மறுபடியும் போட்டாள்.

எலக்ட்ரான் மட்டும்தானா என்பதும் தீரவில்லை. தாரையில் புரோட்டான்களும் அதே போல முடுக்கப்பட்டால், அவை ஃபோட்டான்களோடு மோதி, கணத்தில் சிதைந்துவிடும் பையான் என்ற துகள்களைப் பிறப்பிக்கும். மின்சுமை இல்லாத பையான் சிதைந்தால் காமா கதிர். மின்சுமை உள்ளது சிதைந்தால், எதையும் ஊடுருவிப் போகும் நுண்துகளான நியூட்ரினோ. எலக்ட்ரான் வழியில் நியூட்ரினோ வராது. ஆகவே நியூட்ரினோ வந்தால் புரோட்டான் இருக்கிறது என்று அர்த்தம். 2017 செப்டம்பர் 22 அன்று தென்துருவப் பனிக்குள் இருக்கும் ஐஸ்கியூப் கருவி ஒரு நியூட்ரினோவைப் பிடித்தது. அது வந்த திசையில் டி.எக்ஸ்.எஸ். 0506+056 என்ற பிளேசார் அப்போது காமாவில் கொழுந்துவிட்டுக்கொண்டிருந்ததை, காமா கதிர்களைப் பார்க்கும் ஃபெர்மி விண்கலம் காட்டியது. காற்றுமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோக்களை உலகில் முதலில் பிடித்த குழுக்களில் ஒன்று, 1965-இல் நம் பக்கத்துக் கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில் வேலை பார்த்தது. இதை எந்த வகுப்பிலும் நான் சொல்லாமல் விட்டதில்லை.

காமா கதிர் நம் மாடிக்கு வராது என்பதையும் வாங்குகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். சிலர் என்னிடம் கேட்டார்கள். காற்றில் மோதி, பல கிலோமீட்டர் உயரத்திலேயே துகள் மழையாகச் சிதறிவிடும். அந்த மழை காற்றில் விடும் நீல ஒளி சில நானோவினாடிகளே இருக்கும். அதைப் பிடிக்க லடாக்கின் ஹன்லேயில், சுமார் 4,300 மீட்டர் உயரத்தில், 21 மீட்டர் அகலமுள்ள மேஸ் தொலைநோக்கியை நாட்டி, 2024 அக்டோபரில் தொடங்கிவைத்தார்கள். அதன் கண்ணாடிக்கும் என் கண்ணாடிக்கும் வேலை ஒன்றுதான்: வந்த ஒளியை ஓரிடத்தில் சேர்ப்பது.

யார் வாங்கலாம் என்று கேட்டால், வண்ணப் படங்களைப் போலத் தெரியும் என்று நினைப்பவர்களுக்கு இது வேண்டாம். எம் 87 பேரடையை இதில் பார்த்தேன். பனிப்புகை போல ஒரு வட்டம், அவ்வளவுதான். அதன் தாரை தெரியவில்லை, தெரியவும் தெரியாது. ஒரு கருவியைத் தூக்க ஆள் இல்லாதவர்களுக்கும் யோசனைதான். நம் வீட்டு மாடிப்படிகள் குறுகல், நான் இரண்டு நடையாகக் கொண்டுபோகிறேன், குழாயைத் தூக்க ஒரு கை துணை வேண்டும். மற்றவர்கள் தயங்காமல் வாங்கலாம். வாங்கும்போதே மூன்று பொருளுக்குப் பணம் ஒதுக்கிவையுங்கள்: செங்கோணத்தில் பார்க்கும் தேடு தொலைநோக்கி, நல்ல மரத்தில் அடிப்பலகை, உயரம் மாற்றும் முக்காலி. முதலாவதை விற்பனையாளர்களே கருவியோடு கொடுக்க வேண்டும் என்று சொல்வேன். பத்துப் பாகையில் இருக்கும் நாட்டில் வானத்தின் பாதி நம் தலைக்கு மேல்தான் இருக்கிறது. நேர்ப்பார்வைக் குழாயை வைத்துக்கொண்டு எப்படிப் பார்ப்பது?

கண்ணாடிகளை நேர்ப்படுத்துவது கடினம் என்று பலர் பயமுறுத்துகிறார்கள். பெட்டியில் வரும் துளையிட்ட மூடியே போதும். பத்து நிமிட வேலை. படியேறும்போது குலுங்குவதால் மாதம் ஒருமுறை செய்கிறேன்.

ஆவணியில் பி.கே.எஸ். 2155-304 தெற்கே ஐம்பது பாகை உயரத்துக்கு வரும். மேலைநாட்டுப் புத்தகங்களில் அடிவானத்தில் தவழும் பொருள், நம் ஊருக்கு வசதியாக வரும். பொலிவெண் அதற்கும் 13 தான். அந்த மாதத்தில் இடிமழை மாலைகளில் வரும். மழை விட்ட இரவுகளில் காற்று கழுவிவிட்டது போல இருக்கும். தச்சுப் பெரியவர் அதற்குள் முக்காலியை முடித்துத் தருகிறேன் என்றிருக்கிறார். தெற்குச் சுவரில் நிற்கும் சுதைச் சிங்கம் மறைக்குமா என்று நேற்று நூல் கட்டி அளந்து பார்த்தேன். நன்றாகத் தள்ளியே போகிறது.